கடலூரில் வீடு கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் கம்பி, சிமெண்ட் விற்கும் கடை ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பில் போடும் மேசைக்கு எதிரே ஒரு மர பெஞ்சு கிடக்கும். லோடு ஏறும் வரை அதில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் வருடா வருடம் ஏறக்குறைய அதேதான். ஒவ்வொரு முறையும் சொன்னதையே சொல்வதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன்.

நான் இன்ஜினியர் இல்லை. தானே புயலில் ஓடு பறந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு 2013-ல் புதிதாகக் கட்டினேன். அதில் செய்த தப்புகளுக்கு இன்னும் செலவு செய்துகொண்டிருக்கிறேன். கடையில் பார்த்ததும் இன்ஜினியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் கலந்திருக்கிறது.

"கையில இருபது லட்சம் இருக்கு சார். வீட்டை ஆரம்பிச்சிடலாமா?"

ஆரம்பிக்கலாம். ஆனால் அந்த இருபதும் வீட்டுக்குத்தான் என்று நினைக்காதீர்கள். போர், மோட்டார், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம், மனையை மேடாக்கக் கொட்டும் மண், கிரகப்பிரவேசச் சாப்பாடு என்று வீட்டுக்கு வெளியே ஒரு செலவு வரிசை இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் முதல் நாள் யாரும் அதை எழுதுவதில்லை.

ஒரு பேச்சுக்குச் சதுர அடி 2,400 ரூபாய் என்று வையுங்கள். 800 சதுர அடி போட்டாலே 19 லட்சத்து 20 ஆயிரம். கம்பி விலை கொஞ்சம் ஏறினாலும் பூச்சு வேலையில் நின்றுவிடும். 650 சதுர அடி என்றால் 15 லட்சத்து 60 ஆயிரம், மீதி நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் வெளி வேலைகளும் முடியும், கொஞ்சம் கையிருப்பும் நிற்கும். பின்னால் ஒரு அறை சேர்ப்பதற்கு இப்போதே பில்லரும் பெல்ட்டும் (பில்லர்களை அடியில் இணைக்கும் கான்கிரீட் பட்டை) போட்டு வைத்துக்கொள்ளலாம். பெரிதாக ஆரம்பித்துவிட்டு ஜன்னல் வைக்காமல் சாக்கு கட்டிக் குடியிருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

"சதுர அடிக்கு இவ்வளவுன்னு சொல்றாங்களே, அதுல என்னென்ன அடங்கும்?"

இதைக் கேட்காமலே அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் அதிகம். ஒருவர் 2,200 சொல்வார், இன்னொருவர் 2,500. பின்னவர் கணக்கில் செப்டிக் டேங்க்கும் சம்ப்பும் இருக்கும், முன்னவர் கணக்கில் இருக்காது. கடைசியில் 2,200 சொன்னவர்தான் அதிகம் வாங்கியிருப்பார்.

எழுதி வாங்க வேண்டியவை: பேஸ்மெண்ட் (வீட்டுத் தரையைத் தாங்கும் மேடை) உயரம் எத்தனை அடி, அதற்கு மேல் ஏற்றினால் அடிக்கு எவ்வளவு, எந்தத் தரக் கம்பி, எந்தச் சிமெண்ட், டைல்ஸ் சதுர அடி எத்தனை ரூபாய் வரை, கதவு என்ன மரம், சுவிட்சு எத்தனை பாயிண்டு, பால்கனியும் போர்ட்டிகோவும் முழு அளவா, பாதி அளவா, படிக்கட்டை எப்படி அளப்பார்கள். இதில் பால்கனி அளவில்தான் கடைசியில் சண்டை வருகிறது.

"லேபர் மட்டும் விடலாமா, மொத்தமா கான்ட்ராக்ட் விட்டுடலாமா?"

தினமும் காலையும் மாலையும் மனைக்குப் போக வீட்டில் ஒருவர் இருந்தால் லேபர் கான்ட்ராக்ட் நல்லது. சாமான் உங்கள் கையில் இருக்கும், தரம் உங்களுக்குத் தெரியும். வெளியூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும்தான் வர முடியும் என்றால் லேபர் விடாதீர்கள். மூட்டை மழையில் நனைந்து கட்டியாகும், மணல் வாரிக்கொண்டு போவார்கள், செங்கல் வரவில்லை என்று ஆள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அந்த நஷ்டம் கான்ட்ராக்டர் லாபத்தைவிட அதிகமாகிவிடும்.

லேபர் கூலியைச் சதுரக் கணக்கில் பேசுவார்கள். ஒரு சதுரம் என்பது 100 சதுர அடி. சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டும்) வாடகை அதில் சேர்ந்ததா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

எதுவானாலும் பணம் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும். ஒரு கட்டம் முடிந்து அளந்த பிறகு அந்தக் கட்டத்துக்குப் பணம். "கம்பி விலை ஏறப்போகுது, இப்பவே கொடுத்துடுங்க" என்றால், நீங்களே கடைக்கு வந்து உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள்.

"மனை வாங்குறதுக்கு முன்னாடி எந்தப் பேப்பர் பார்க்கணும்?"

மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா, புல வரைபடம். வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். புல வரைபடத்தைத்தான் நம் ஊரில் பலர் விரித்தே பார்ப்பதில்லை. மனை ஓரமாக வாய்க்காலோ ஓடையோ போகிறதா என்பது அதில் தெரியும். நேரில் பார்க்கும்போது அது தூர்ந்து, முள் மண்டி, தரை போலவே இருக்கும். பெரிய மழையில் தண்ணீர் அந்தப் பழைய வழியாகத்தான் வரும்.

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு என்றால் 20.10.2016 என்ற தேதியை நினைவில் வையுங்கள். அதற்கு முன் பத்திரமான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு வழி செய்தது. வரன்முறை ஆணை இல்லாமல் கட்டிட அனுமதியும் வராது, வங்கிக் கடனும் வராது. விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள். குறைவாக இருப்பதற்குக் காரணமே அதுதான்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு மாதிரி கடல் பக்கமோ, உப்பனாறு, கெடிலத்தின் முகத்துவாரப் பக்கமோ மனை இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதி பேசும். அலை ஏறி இறங்கும் ஆற்றின் கரைக்கும் தனி வரம்பு உண்டு.

"சின்ன வீடுதானே, பிளான் அப்ரூவல் வேணுமா?"

வேண்டும். இப்போது அது முன்பு போலக் கஷ்டமும் இல்லை. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டிடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதற்கு மேல் ஒரு மாடி வரை என்றால் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியவுடன் அனுமதி கிடைக்கும். முன்கூட்டி ஆய்வு கிடையாது. ஆனால் நீங்கள் கொடுக்கும் தகவல் தப்பாக இருந்தால் பொறுப்பு உங்களுடையதுதான். பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டிவிட்டுச் சுயசான்று கொடுத்தேன் என்றால் எடுபடாது.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைக்குப் போனால் புதுச்சேரி விதி; அங்கே அவர்கள் திட்டக் குழுமத்தில்தான் கேட்க வேண்டும். ஒரே வயல் வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம் என்பது நமக்குப் பழகியதுதான்.

"மண் டெஸ்ட்லாம் எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரர் அஞ்சு அடிதான் தோண்டினார்."

பக்கத்து வீட்டின் அடியில் இருக்கும் மண்தான் உங்கள் மனையிலும் இருக்கிறது என்பதற்கு நம் ஊரில் உத்தரவாதம் இல்லை. கடல் பக்கம் மணல், ஆற்றங்கரைகளில் வண்டலும் களியும், கேப்பர் மலைப் பக்கம் செம்மண். நகருக்குள் பல மனைகள் பழைய குட்டையைக் குப்பையும் மண்ணும் போட்டு மூடியவை. களிமண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். சுவரில் குறுக்குவெட்டாக வரும் வெடிப்புகளில் பல அதனால் வந்தவை.

மொத்தச் செலவில் மண் பரிசோதனை ஒரு சின்னத் துளி. முடிவைப் பார்த்து இன்ஜினியர் "நாலு அடி போதும்" என்று சொன்னால் பணம் மிச்சம். "அடியில் களி, பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) போடணும்" என்றால் வீடு மிச்சம்.

"பேஸ்மெண்ட் எவ்வளவு உயரம் வைக்கிறது?"

மேஸ்திரியைக் கேட்காதீர்கள், அந்தத் தெருவில் இருக்கும் வயதானவர்களைக் கேளுங்கள். 2015 நவம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது? 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு? நவம்பர் 30 இரவு புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது அங்கே ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. நமக்கு வெள்ளம் வந்தது அதற்கும் பிறகு. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட, மழை விட்ட பிறகு தென்பெண்ணை ஊருக்குள் ஏறியது. மேலே வானம் வெளுத்திருக்கிறது, வாசலில் தண்ணீர் ஏறுகிறது. சிலர் வீட்டுச் சுவரில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு அடி, ஒன்றரை அடி உங்கள் தரை இருக்க வேண்டும்.

அதோடு சாலையையும் கணக்கில் எடுங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது. 2013-ல் எங்கள் வீட்டுக்கு மூன்று படி. இப்போது இரண்டுதான். படியை யாரும் இடிக்கவில்லை, தெரு மேலே வந்துவிட்டது.

உயர்த்தக் கொட்டும் மண்ணை ஒரே மூச்சில் கொட்டி மூடாதீர்கள். அரை அடி, முக்கால் அடி கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து, அப்புறம் அடுத்தது. இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் டைல்ஸ் நடுவில் இறங்கி, தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும்.

"எங்க போர் தண்ணி லேசா உப்பு. வேலைக்கு ஆகாதா?"

ஆகாது. எங்கள் வீட்டில் நான் செய்த பெரிய தப்பு இதுதான். தளத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் லாரியில் வாங்கினேன். கதவு, ஜன்னல் மேல் வரும் லிண்டலுக்கும், வெளியே நீளும் சன்ஷேடுக்கும் "கொஞ்சம்தானே" என்று போர் தண்ணீரை ஊற்றினார்கள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாவது வருடம் சன்ஷேடின் அடியில் பழுப்பாக ஒரு கோடு வந்தது. எட்டாவது வருடம் ஒரு சில்லு விழுந்து, கம்பி வெளியே தெரிந்தது.

உப்பில் இருக்கும் குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து உதிரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. வாயில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். தேறவில்லை என்றால் கலவைக்கும், பின்னால் கான்கிரீட்டை நனைப்பதற்கும் சேர்த்து லாரித் தண்ணீருக்குப் பணம் ஒதுக்குங்கள். கடல் மணலை எக்காரணத்துக்கும் தொடாதீர்கள்.

"கவர் பிளாக் வைக்கணும்னு இன்ஜினியர் சொல்றார், மேஸ்திரி ஜல்லியை வெச்சா போதும்ங்கறார்."

இன்ஜினியர் சொல்வதைக் கேளுங்கள். கம்பிக்கும் கான்கிரீட்டின் வெளி முகத்துக்கும் நடுவில் இருக்கும் கனம்தான் கம்பிக்குச் சட்டை. அந்தக் கனம் குறையாமல் இருக்கக் கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கட்டைதான் கவர் பிளாக். கடற்காற்று நேராகப் படும் பாகத்துக்கு 45 மில்லிமீட்டர், கடலோரத்தில் காற்று படாமல் மறைவாக இருக்கும் பாகத்துக்கு 30 மில்லிமீட்டர் என்று விதி. உள்நாட்டில் வறண்ட ஊரில் 20 போதும். அங்கே வேலை பழகிய மேஸ்திரி இங்கேயும் அதையே செய்வார். ஜல்லித் துண்டு, ஆள் ஏறி மிதித்தவுடன் நழுவிவிடும். கம்பி போய்ப் பலகையில் படுத்துக்கொள்ளும்.

கவர் பிளாக் ஒன்று சில ரூபாய்தான். கடையில் வாங்க மறந்துபோகும் முதல் சாமானும் அதுதான்.

"கம்பி எடை சரியா வருதான்னு எப்படிப் பார்க்கிறது?"

என்னிடமே கேட்கிறீர்கள், சரி, சொல்கிறேன். கம்பியின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் 0.889. முழுக் கம்பி 12 மீட்டர். ஆக ஒரு கம்பி 10.67 கிலோ. இதே கணக்கில் 8 மி.மீ. முழுக் கம்பி 4.74 கிலோ, 10 மி.மீ. 7.4 கிலோ, 16 மி.மீ. சுமார் 18.96 கிலோ.

கம்பியை எண்ணிப் பெருக்கி, எடைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். 12 மி.மீ. கம்பியில் மொத்த லோடு 5 சதவீதம் முன்பின் இருப்பது விதிக்கு உட்பட்டதுதான். அதற்கு மேல் குறைந்தால் லாரி அங்கிருந்து நகரும் முன்பே கேளுங்கள்.

லேசான பழுப்புத் துரு பரவாயில்லை. தட்டினால் செதில் செதிலாக உதிர்ந்தால் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் கம்பியை இறக்கி ஆறு மாதம் போட்டு வைக்கவே கூடாது.

"ஆத்து மணல் கிடைக்கல. எம்-சாண்ட் போட்டா வீடு நிக்குமா?"

நிற்கும். கட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), பூச்சுக்கு அதைவிட மென்மையான பி-சாண்ட். கவலைப்பட வேண்டியது கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று ஏமாற்றி விற்பதைப் பற்றித்தான். கையில் அள்ளி உதறினால் உள்ளங்கையில் மாவு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டால் திருப்பி அனுப்புங்கள்.

அளவையும் பாருங்கள். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. டிப்பர் பெட்டியின் உள்பக்க நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுக்க வேண்டும். 10 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி உயரம் என்றால் 3 யூனிட். டேப்பைக் கையில் எடுத்தாலே டிரைவர் குரல் மாறும்.

"செங்கல் நல்லதா, நெய்வேலி சாம்பல் கல் நல்லதா?"

இரண்டிலும் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. அனல் மின் நிலையச் சாம்பலில் செய்யும் சாம்பல் கல் அளவு ஒரே மாதிரி இருப்பதால் பூச்சுக்குக் கலவை குறையும். அதை அவசரமாக, சரியாகப் பதமாவதற்கு முன்பே அனுப்பிவிடுவதுதான் தொல்லை. முனை விரலால் நிமிண்டினால் உதிரும். செங்கல் என்றால் இரண்டை மோதிப் பாருங்கள், மணி போலச் சத்தம் வர வேண்டும். இடுப்புயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து எடை பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறக் கூடாது.

ஒன்பது அங்குலச் சுவர் 100 சதுர அடிக்குச் சுமார் 1,000 செங்கல் பிடிக்கும். இதை வைத்து உங்கள் மேஸ்திரியின் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"தளம் போட்டு எத்தனை நாள்ல சென்ட்ரிங் பிரிக்கலாம்?"

15 அடிக்குள் அகலமான அறை என்றால் தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்பங்களைக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் விட வேண்டும். பீமுக்கு 20 அடி வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண சிமெண்டுக்கு எழுதிய கணக்கு. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட். அது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். அதனால் இன்னும் சில நாள் பொறுங்கள். சென்ட்ரிங்காரருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். அவர் அவசரம் உங்கள் அவசரம் இல்லை.

தண்ணீர் கட்டுவதும் அப்படித்தான். சாம்பல் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது. நான் 14 என்று சொல்வேன். தளத்தில் சின்னச் சின்னப் பாத்தியாகக் கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பில்லருக்குச் சாக்கைச் சுற்றி நனையுங்கள். காலையில் ஒரு பக்கெட் வீசிவிட்டுப் போனால் பத்து மணி வெயிலுக்குள் காய்ந்துவிடும்.

கலக்கும்போது இதற்கு நேர் எதிர். ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை மிக்சர் பக்கத்தில் வைத்து நீங்களே எண்ணுங்கள். நான் பார்த்த வரை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஊற்றும் வாளிகளின் எண்ணிக்கை கூடிவிடும்.

"பேங்க்ல எவ்வளவு கடன் தருவாங்க? எப்ப கைக்கு வரும்?"

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடன் என்றால் மதிப்பில் 90 சதவீதம் வரைக்கும், 30-லிருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம் வரைக்கும் தரலாம். அது உச்சவரம்பு, உங்கள் சம்பளத்தைப் பார்த்துக் குறைத்தும் தருவார்கள்.

பணம் மொத்தமாக வராது. பேஸ்மெண்ட், லிண்டல், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக, அந்தந்தக் கட்டம் முடிந்து மதிப்பீட்டாளர் பார்த்த பிறகு வரும். உங்கள் பங்குப் பணம்தான் முதலில் போக வேண்டும். தளம் போடும் வாரத்தில் கம்பிக்கும் சிமெண்டுக்கும் கூலிக்கும் ஒன்றாகப் பணம் வேண்டும், வங்கியோ தளம் முடிந்த பிறகு தரும். அந்த இடைவெளியில்தான் நகை அடகுக்குப் போகிறது. முதல் கேள்வியில் சொன்ன கையிருப்பு இதற்குத்தான்.

"இருபது வருஷம் போடலாமா, பதினஞ்சா?"

கணக்கைப் பாருங்கள். 25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி. 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 21,700. மொத்தம் கட்டுவது 52 லட்சத்துக்குச் சற்று மேல். 15 வருடம் என்றால் தவணை சுமார் 24,600. மொத்தம் 44 லட்சத்து 30 ஆயிரம் அளவில். மாதம் மூன்றாயிரத்துக்குள் கூடுதலாகக் கட்டினால் ஏழே முக்கால் லட்சம் மிஞ்சுகிறது.

ஆனாலும் சம்பளம் ஒரே சீராக வராதவர்கள் 20 வருடமே எழுதிக்கொண்டு, கையில் பணம் வரும்போது அசலில் கட்டலாம். தனிநபர்கள் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. அப்படிக் கட்டும்போது "தவணைக் காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் தவணைத் தொகையைக் குறைத்துவிடக்கூடும். அதில் மிச்சம் குறைவு.

"வீட்டுக் கடன் வாங்கினா வருமான வரி மிச்சம் ஆகுமாமே?"

பழைய வரி முறையில் இருந்தால் ஆகும். சொந்தக் குடியிருப்புக்கு வட்டியில் வருடம் 2 லட்சம் வரை, அசல் மற்ற சேமிப்புகளோடு சேர்த்து 1.5 லட்சம் வரை கழிக்கலாம். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 வருடத்துக்குள் கட்டி முடிக்காவிட்டால் வட்டிக் கழிவு 2 லட்சத்திலிருந்து 30,000-க்கு இறங்கிவிடும். புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. வரிக்காகக் கடன் வாங்காதீர்கள்.

"மானியம் ஏதாவது கிடைக்குமா?"

நகர்ப்புறத்துக்குப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. அதில் வட்டி மானியப் பிரிவு ஒன்று உண்டு: குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், நாட்டில் வேறெங்கும் சொந்தப் பக்கா வீடு இல்லாதவர்கள். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையில் வரும். கிராமத்தில் குடிசையில் இருப்பவர்கள் கலைஞர் கனவு இல்லம் பற்றி ஊராட்சியில் விசாரியுங்கள். மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

"பழைய வீடு. சன்ஷேடு உதிருது. மேல பூசிட்டா போதுமா?"

போதாது. உப்புத் தண்ணீர் கேள்வியில் சொன்ன அதே துருதான் இது. மேலே பூசினால் உள்ளே துரு தொடரும், அடுத்த மழைக்காலத்தில் பூச்சோடு சேர்ந்து விழும். தட்டித் தட்டித் தளர்ந்த கான்கிரீட்டை முழுக்க எடுக்க வேண்டும், கம்பிக்குப் பின்பக்கமும் தெரியும் வரை. கம்பியைக் கம்பி பிரஷால் வெள்ளையாகத் தேய்த்து, துரு தடுப்பு பிரைமர் அடித்து, கம்பி ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பிறகு பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். எங்கள் சன்ஷேடுக்கு முதல் முறை வெறும் பூச்சு, இரண்டாவது முறைதான் இது. முதல் முறைச் செலவு வீண்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி மாடிக்குன்னு கம்பி விட்டு வெச்சோம். இப்ப மேல கட்டலாமா?"

அந்தக் கம்பியைப் போய்ப் பாருங்கள். கடற்காற்றில் பத்து வருடம் நின்ற கம்பி, அடியில் கான்கிரீட்டிலிருந்து வெளிவரும் இடத்தில்தான் முதலில் மெலியும். மேலே நன்றாகத் தெரிந்தாலும் அந்தக் கழுத்துப் பகுதியைச் சுரண்டி அளக்க வேண்டும். மெலிந்திருந்தால் புதுக் கம்பியைத் துளையிட்டு ரசாயனப் பசையால் பதிக்கும் வழி உண்டு. அதை இன்ஜினியர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.

கம்பி இருப்பதாலேயே அடித்தளம் தாங்கும் என்று அர்த்தமில்லை. ஒரு பில்லர் பக்கத்தில் தோண்டி, அடியில் போட்ட அளவைப் பாருங்கள். மண் கலவையிலோ சுண்ணாம்பிலோ கட்டிய சுவர் வீடு என்றால் மேலே கான்கிரீட் தளம் என்ற பேச்சே வேண்டாம். தகர ஷீட் கூரை போடலாம், ஆனால் தானே அன்று, அதாவது 2011 டிசம்பர் 30 காலை, எங்கள் தெருவில் பறந்த ஷீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஷீட்டை மரத்தில் ஆணி அடித்து விடாதீர்கள். கொக்கி போல்ட்டால் இரும்புச் சட்டத்தோடும், சட்டத்தைச் சுவருக்குள் இறங்கிய கம்பியோடும் பிணைக்க வேண்டும். காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது.

"இடம் அம்மா பேர்ல இருக்கு. கடன் என் பேர்ல. தம்பி ரெண்டு பேர். பிரச்சனை வருமா?"

நிலம் யாருடையதோ, வீடும் சட்டப்படி அவர் பக்கம்தான் சாயும். தவணை நீங்கள் கட்டினாலும், அம்மா காலத்துக்குப் பிறகு தம்பிகளுக்கும் பங்கு உண்டு. வங்கி அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராகச் சேர்க்கச் சொல்லும். வீட்டில் உங்கள் பெயரில் உரிமை இல்லாவிட்டால் மேலே சொன்ன வரிக் கழிவும் உங்களுக்கு வராது.

அம்மா நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே, தம்பிகளுக்கும் தெரிந்து, இடத்தை உங்கள் பெயருக்கு மாற்றும் செட்டில்மெண்ட் பத்திரம் பதிவு செய்துவிட்டுக் கடைக்கால் எடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கு விற்பனைப் பத்திரம் அளவுக்குக் கட்டணம் இல்லை. சுவர் எழும்பிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் அது வேறு மாதிரிப் போகும். பெஞ்சில் உட்கார்ந்து அழுதவர்களை நான் பார்த்தது இந்த விஷயத்தில்தான்.

"கான்ட்ராக்டர் பாதியில விட்டுட்டுப் போயிட்டார். என்ன செய்றது?"

முதலில் அவருக்குப் பதில் வேறு ஆளை இறக்கிவிடாதீர்கள். நடந்த வேலையை வேறொரு இன்ஜினியரை வைத்து அளந்து, மதிப்பு எழுதி வாங்கி, தேதியோடு படமும் வீடியோவும் எடுங்கள். வேறு ஆள் கை வைத்துவிட்டால் யார் செய்தது எது என்று நிரூபிக்க முடியாது. பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: கொடுத்த தொகை, முடிந்த வேலை, மீதி, கெடு.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமும் இல்லை. பிரச்சனை வந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஒப்பந்தமும் ரசீதும் இல்லாமல் எல்லாம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரொம்பக் கஷ்டம். இரண்டாவது கேள்வியில் எழுதி வாங்குங்கள் என்றும், மூன்றாவதில் பணம் வேலைக்குப் பின்னால்தான் என்றும் சொன்னது இந்த நாளுக்காக.

"குடி போயாச்சு. இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றுங்கள், மாறாவிட்டால் கட்டணம் தீட்டிவிடும். சொத்து வரிக்கு எழுதிக் கொடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழியில் பூச்சுக் கலவை விழுந்து அடைத்திருக்கும், வாரிவிடுங்கள். கடன் முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வங்கி மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் பக்கம் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. அது இன்னும் பல வருடம் கழித்து வரும் விஷயம், குறித்து மட்டும் வையுங்கள்.

இன்னும் பூச்சு முடியாதவர்களுக்கு ஒன்று. சுவரில் குழாயும் வயர் பைப்பும் பதித்த பிறகு, பூசுவதற்கு முன், ஒவ்வொரு சுவருக்கும் அளவு டேப்பை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் படம் இல்லை. சமையலறையில் அலமாரி மாட்டத் துளை போட்டபோது நேராகத் தண்ணீர்க் குழாயிலேயே இறக்கிவிட்டோம். அலமாரி இன்னும் பரணில்தான் இருக்கிறது.